சென்ற காலம் மீளுமோ? வானநூற் பேரறிஞர் சந்திரசேகரின் வாழ்க்கை

கடந்த நாளை நினைந்து ஏங்காத குடும்பம் நம் காலனியில் ஒன்றேனும் உண்டோ? ஆண்டு விழாவுக்காக நாம் ஒன்றுகூடும் போதெல்லாம், மேடையில் பாட்டும் கூத்தும் நிகழ்ந்துகொண்டிருக்க, பந்தலின் ஓரத்தில் பெரியவர்கள் வேறொரு பேச்சில் ஆழ்ந்திருப்பர். அன்று அந்த நிலத்தை விற்காமல் இருந்திருந்தால், அந்த வேலையை ஏற்காமல் ஊரிலேயே தங்கியிருந்தால், தாயின் இறுதி நாளில் அருகில் இருந்திருந்தால் என்று அப்பேச்சு நீளும். பனச்சமூட்டில் வாழும் நமக்கு இவ்வேக்கம் இன்னும் நெருக்கமானது. 1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. நடந்தே கடக்கும் தொலைவில் எல்லை இருக்கிறது. அப்பாலும் இப்பாலும் போய் வருகிறோம். இட எல்லையை நாள்தோறும் கடக்கும் நம்மால், கால எல்லையை மட்டும் ஒரு முறையேனும் கடக்க இயலவில்லை.

அவ்வெல்லையைக் கடக்கும் ஊர்தி ஒன்றை 1895-ஆம் ஆண்டில் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் தம் நாவலில் கற்பனை செய்தார். அது கதை என்றே உலகம் எண்ணியிருந்தது. பின்னாளில் அதே வினாவைக் கணிதம் எழுப்பியது. அவ்வினாவை எதிர்கொண்டு ஆராய்ந்தவர்களுள் ஒருவர், நம்மைப் போலவே பிறந்த மண்ணை விட்டுச் சென்று வாழ்ந்த ஒரு தமிழர். அவரே சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருடைய வாழ்க்கையை இவ்வாண்டு மலரில் நினைவுகூர விரும்புகிறோம்.

சந்திரசேகர் 1910 அக்டோபர் 19-ஆம் நாள் லாகூரில் பிறந்தார். தந்தையார் சி. சுப்பிரமணிய ஐயர் அரசாங்கக் கணக்குத் தணிக்கைத் துறையில் உயர் அலுவலர். அலுவலின் பொருட்டே அக்குடும்பம் வடநாட்டில் வாழ்ந்தது. தாயார் சீதாலட்சுமி அம்மையார் கல்வியில் பெருநாட்டம் உடையவர். நார்வே நாட்டு இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் பெயர்த்தவர். சர் சி. வி. இராமன் இவருக்குச் சிற்றப்பா ஆவார். 1918-இல் குடும்பம் சென்னைக்குக் குடிவந்தது. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், பின்பு மாநிலக் கல்லூரியிலும் சந்திரசேகர் பயின்றார். 1928-இல் ஜெர்மானிய அறிஞர் சோமர்ஃபெல்டு அக்கல்லூரிக்கு வந்தபோது, தாம் நூல்களில் கற்ற அணுக் கொள்கை பழையதாகிவிட்டது என்பதை அவர் வாயிலாக இளைஞர் அறிந்தார். உள்ளம் சோரவில்லை, புதியதைக் கற்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அவருடைய கட்டுரை லண்டன் இராயல் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. அப்போது அவர் இன்னும் கல்லூரி மாணவர்.

1930-இல் அரசாங்க உதவிச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜ் செல்லும் வாய்ப்பு வந்தது. அந்நாளில் தாயார் கடும் நோயுற்றிருந்தார். மகன் தயங்கினார். போயே ஆகவேண்டும் என்று வற்புறுத்தி அனுப்பியவர் அத்தாயே ஆவார். சூலை 31-ஆம் நாள் பம்பாயில் கப்பலேறினார். கடல் வழியில் மூன்று வாரம் செல்லவேண்டும். அப்பயணத்தில் பத்தொன்பது வயது இளைஞர் ஒரு கணக்கைப் போட்டார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கி, பூமியளவே ஆன வெண்குறுமீனாக அடங்கும் என்பதை அக்காலத்து அறிஞர் அறிந்திருந்தனர். ஆயினும் எல்லா மீன்களும் அவ்வாறு அமைதி காணமுடியாது. கதிரவனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட நிறை இருப்பின் அது மேலும் மேலும் சுருங்கிக்கொண்டே போகும் என்று அக்கணக்கு காட்டியது. இன்று உலகம் அதனைச் சந்திரசேகர் வரம்பு என்று வழங்குகிறது.

1931 மே மாதம் தாயார் மறைந்தார். மகன் கடலுக்கு அப்பால் இருந்தார். மூன்று வாரக் கப்பற் பயணத்துக்கு அப்பால் இருப்பவர் இறுதிக் கடனுக்கு எங்ஙனம் வந்து சேர்வார்? 1936-இல்தான் அவர் தாய்நாட்டு மண்ணை மீண்டும் மிதித்தார். இத்துயரை நம் காலனிக் குடும்பங்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மற்றொரு துயர் 1935 சனவரி 11-ஆம் நாள் நேர்ந்தது. லண்டனில் வானநூற் கழகக் கூட்டத்தில் சந்திரசேகர் தம் முடிவை எடுத்துரைத்து அமர்ந்ததும், அக்காலத்து வானநூல் வேந்தர் எனத்தக்க எடிங்டன் எழுந்தார். கணிதத்தில் பிழை காட்டினாரல்லர். விண்மீன் இத்துணை முறைகேடாக நடந்துகொள்ள இயற்கை இடந்தராது என்பதே அவர் வாதத்தின் சாரம். அவையில் நகைப்பொலி எழுந்தது. பல ஆண்டுகள் அவ்வரம்பு உரிய மதிப்பைப் பெறவில்லை. பின்னாளில் நியூட்ரான் மீன்களும் கருந்துளைகளும் மெய்யென்று நிலைபெற்றபோது, இளைஞரின் கணக்கே வென்றது. 1983-இல் நோபெல் பரிசு, வில்லியம் ஃபௌலருடன் பகிர்ந்து அளிக்கப்பட்டது.

இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் வாளா இருந்தாரல்லர். 1936-இல் மாநிலக் கல்லூரியில் உடன் பயின்ற லலிதா அம்மையாரை மணந்தார். 1937 முதல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யெர்க்கீசு வானாய்வு நிலையத்தில் பணியாற்றினார். 1953-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். ஒரு துறையை எடுத்துக்கொள்வார்; ஆண்டுக்கணக்கில் உழைப்பார்; அத்துறைக்கு ஒரு பெருநூல் எழுதி முடிப்பார்; பிறகு அதனை விட்டு வேறொரு துறைக்குச் செல்வார். விண்மீன் அமைப்பைப் பற்றி 1939-இலும், விண்மீன் இயக்கத்தைப் பற்றி 1942-இலும், ஒளிக்கதிர் பரவுவதைப் பற்றி 1950-இலும் நூல்கள் வெளிவந்தன. இரண்டே மாணவர் இருந்த வகுப்புக்காக எண்பது மைல் வண்டியோட்டிச் சென்று பாடம் நடத்திய ஆசிரியர் அவர். அவ்விருவரான லீ, யாங் என்னும் சீன இளைஞர்கள் 1957-இல் நோபெல் பரிசு பெற்றனர்.

இனி நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம்.

1949-இல் ஐன்ஸ்டைனுக்கு எழுபது வயது நிறைந்தது. பிரின்ஸ்டனில் அவருடைய நண்பராயிருந்த கணித அறிஞர் கூர்ட் கேடல், பிறந்தநாள் காணிக்கையாக விந்தையான ஒரு பொருளைக் கொணர்ந்தார். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் சமன்பாடுகளுக்கு அவர் புதிய விடை ஒன்று கண்டிருந்தார். அவ்விடை காட்டிய பேரண்டம் முழுவதும் சுழல்வது. அவ்வண்டத்தில் ஒருவர் தம் பழங்காலத்துக்கே சென்று சேரும் வழி உண்டு என்று கேடல் நிறுவினார்.

இதனை எளிதில் விளங்கிக்கொள்ள ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். கோயிற் பிரகாரத்தை வலம் வருவோர் ஒவ்வோர் அடியும் முன்னோக்கியே வைக்கின்றனர், ஓரடியும் பின்வாங்குவதில்லை. ஆயினும் புறப்பட்ட கொடிமரத்தின் அடிக்கே வந்து சேர்கின்றனர். நம் உலகில் அவர்கள் சேர்வது புறப்பட்ட இடத்துக்கு மட்டுமே. நேரம் என்னவோ கழிந்துபோய்விட்டது. கேடலின் அண்டத்தில் சுழற்சியின் காரணமாக, எதிர்காலம் நோக்கிய திசையே இடத்துக்கு இடம் சாய்ந்துகொண்டு போகிறது. போதிய அளவு பெரிய வட்டத்தில் வலம் வருபவர், ஒவ்வொரு கணமும் எதிர்காலம் நோக்கியே சென்றும், புறப்பட்ட இடத்துக்கு மட்டுமன்றிப் புறப்பட்ட நேரத்துக்குமே வந்து சேர்வார். அங்கே புறப்பட ஆயத்தமாகும் தம்மையே அவர் காணலாம்!

ஐன்ஸ்டைன் இதனைப் புறக்கணிக்கவில்லை. இத்தகைய விடைகளை இயற்பியற் காரணம் காட்டி விலக்க முடியுமா என்பது ஆராயத்தக்கது என்ற அளவில் நின்றார். நம் அண்டம் விரிவடைந்துகொண்டிருப்பது. கேடலின் அண்டமோ விரியாதது. ஆகவே அது நாம் வாழும் அண்டம் அன்று. எனினும் ஐன்ஸ்டைனின் விதிகள் தாமாகவே காலச் சுழலைத் தடுக்கவில்லை என்பது வெளிப்பட்டுவிட்டது. கல்கத்தாவில் அமல்குமார் இராய்சௌத்ரி 1955-இல் வெளியிட்ட புகழ்பெற்ற சமன்பாடும், அண்டத்தின் சுழற்சி என்னும் இவ்வினாவோடு தொடர்புடையதே.

1961-இல் சந்திரசேகரும் ஜே. பி. ரைட் என்பாரும் கேடல் அண்டத்தைக் கணக்கிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டனர். வேறு விசை எதுவும் தள்ளாமல் தன்போக்கில் விடப்பட்ட பொருள் அவ்வண்டத்தில் எவ்வழிச் செல்லும் என்று ஆராய்ந்தனர். அவ்வழிகளுள் ஒன்றும் தன் பழங்காலத்துக்குத் திரும்பவில்லை. கணக்கு செம்மையானது. ஆனால் அதனைக்கொண்டு கேடலின் கூற்று தவறென்ற முடிவுக்கு அவர்கள் சென்றுவிட்டனர். 1970-இல் ஹோவர்டு ஸ்டைன் என்னும் அறிஞர் அம்முடிவின் குறையை எடுத்துக்காட்டினார். கேடல் பேசியது தன்போக்கில் செல்லும் வழியை அன்று. இயந்திர விசையால் செலுத்தப்படும் கலத்தின் வழியை. நெய்யாற்றில் மிதக்கும் மரக்கட்டை எதிரேறி வருவதில்லை என்பதால், துடுப்பு வலிப்பவனும் எதிரேற மாட்டான் என்று கொள்ளலாமோ? கேடல் கணக்குப்படி அக்கலம் ஒளி வேகத்தில் 71 விழுக்காட்டுக்குக் குறையாத வேகத்தில் செல்லவேண்டும். செயற்கு அரிது, ஆயினும் சமன்பாடு விலக்கவில்லை.

இங்கே ஒரு பொருத்தத்தைச் சொல்லாதிருக்க முடியவில்லை. நம் பஞ்சாங்கத்தில் அறுபது ஆண்டுப் பெயர்கள் சுழன்று வருகின்றன. சந்திரசேகர் பிறந்தது சாதாரண ஆண்டு. அவர் பிழை எடுத்துக்காட்டப்பட்ட 1970-உம் அதே சாதாரண ஆண்டே. அவருக்கு அறுபது நிறைந்த ஆண்டு. பெயர் திரும்பி வந்தது, காலம் திரும்பவில்லை. கேடலின் சுழலுக்கும் நம் பஞ்சாங்கச் சுழலுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

சரி, பழங்காலத்துக்குச் செல்ல ஒரு வழி இருப்பதாகவே கொள்வோம். அதனால் விளையும் சிக்கல்கள் இரண்டு. முதலாவதைப் பாட்டன் புதிர் என்பர். பேரன் பின்னோக்கிச் சென்று பாட்டனின் திருமணத்தைத் தடுத்துவிட்டால் பேரன் பிறவான். பிறவாதவன் எங்ஙனம் சென்று தடுத்தான்? இரண்டாவது சிக்கலில் முரண்பாடு இல்லை. ஆயினும் மனம் ஒப்பவில்லை. சந்திரசேகரின் 1939-ஆம் ஆண்டு நூலை எவரேனும் எடுத்துச் சென்று, 1930-இல் கப்பலில் இருந்த இளைஞரிடம் தந்துவிட்டதாகக் கொள்வோம். அவர் அதனைப் படியெடுத்து 1939-இல் வெளியிடுகிறார். அந்நூலே பின்னர் எடுத்துச் செல்லப்படுகிறது. காரணமும் காரியமும் வட்டமாகப் பொருந்திவிட்டன, எங்கும் முறிவில்லை. ஆனால் அந்நூலை ஆக்கியவர் யார்? உழைத்தவர் ஒருவருமில்லாமல் அறிவு பிறந்துவிட்டதே!

முதற் சிக்கலுக்கு விடை தேடியவர் ருசிய அறிஞர் நோவிகோவ். காலச் சுழல் உண்டாயினும், தம்முள் முரணாத நிகழ்ச்சிகளே அதில் நிகழும் என்பது அவர் கொள்கை. சென்றவன் எதனைச் செய்தாலும், அது முன்பே நடந்த வரலாற்றின் ஒரு பகுதியாகவே அமையும், நடந்ததை மாற்றாது. சந்திரசேகரின் நண்பரான கிப் தார்ன் 1988-இல், வெளியின் இரு இடங்களை இணைக்கும் புழை ஒன்றினால் காலப்பயணம் கூடுமா என்பதைத் தம் மாணவருடன் ஆராய்ந்தார். உடனே போல்சின்ஸ்கி என்பார் ஒரு புதிர் விடுத்தார். ஒரு பந்து புழையில் புகுந்து சிறிது முன்னதாகவே வெளிவந்து, புகவிருக்கும் தன்னையே மோதித் தள்ளிவிட்டால் யாது ஆகும்? நம் சிறுவர் ஆடும் கோலிக்குண்டைக்கொண்டே இதனை எண்ணிப் பார்க்கலாம். 1991-இல் தார்னும் அவருடைய மாணவரும் விடை கண்டனர். வெளிவரும் பந்து முந்தைய பந்தை நேரே மோதாமல் ஓரத்தில் உரசிச் செல்கிறது. உரசப்பட்ட பந்து சற்றே திசை திரிந்து புழையில் புகுகிறது. அத்திரிபினாலேயே வெளிவரும்போது உரச மட்டுமே செய்கிறது. காரணம் காரியத்தை ஈன்றது. காரியம் காரணத்தை ஈன்றது. முரண் ஒன்றும் இல்லை. ஆயினும் 1992-இல் ஸ்டீவன் ஹாக்கிங், காலச் சுழல் உருவாகாதவாறு இயற்கை விதிகளே தடுத்துவிடும் என்று ஊகித்தார். அவ்வூகம் இன்றளவும் முழுமையாக நிறுவப்படவில்லை.

இயற்கை இடந்தராது என்று எடிங்டனும் சொன்னார், ஹாக்கிங்கும் சொன்னார். வேறுபாடு யாது? எடிங்டன் அதனை முடிவாகச் சொல்லி அவையை நகைக்கச் செய்தார். ஹாக்கிங் அதனை ஊகமென்றே பெயரிட்டு ஆராய்ச்சிக்கு விட்டார். சந்திரசேகர் வாழ்க்கையின் பிற்பகுதியில் இவ்விரண்டினும் மேலான ஒரு நெறியைக் காண்கிறோம். கணக்கிட்டுப் பார்ப்பதே அந்நெறி.

ஐம்பது வயதை எட்டிய பின்னரே அவர் பொதுச் சார்பியலில் இறங்கினார். சுழலும் கருந்துளையை விளக்கும் கெர் என்பாரின் 1963-ஆம் ஆண்டு விடை அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அக்கருந்துளையின் ஆழத்தில், உள் எல்லைக்கும் அப்பால், கேடல் கண்டது போன்ற காலச் சுழல் கணக்கில் தென்படுகிறது. கருந்துளைக்குள் அத்தகைய உள் எல்லையைக் கடக்க இயலுமா? 1982-இல் சந்திரசேகரும் ஜேம்ஸ் ஹார்ட்டிலும், மின்னூட்டம் பெற்ற கருந்துளையை எடுத்துக்கொண்டு கணக்கிட்டனர். வெளியிலிருந்து உட்புகும் கதிர்வீச்சு அவ்வெல்லையில் அளவின்றிச் செறிகிறது என்று கண்டனர். அஃதாவது, வாயில் இருப்பதுபோல் தோன்றும் இடத்தில் தீச்சுவரே நிற்கிறது. 1961-இல் வழியில்லை என்று விரைந்து முடிவு கட்டியவர், இருபத்தோராண்டு கழித்து வாயிலின் இயல்பையே அளந்து காட்டினார். அடுத்த ஆண்டு கருந்துளைகளின் கணிதம் பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது எழுபத்திரண்டு.

தம்மை அவையில் நகைப்புக்குள்ளாக்கிய எடிங்டனை அவர் வெறுத்தாரல்லர். அவருடைய பெருமையை எடுத்தோதும் சொற்பொழிவுகளை 1982-இல் கேம்பிரிட்ஜில் நிகழ்த்தினார். கடந்ததை மாற்ற முடியாதென்று அறிந்தவர், கடந்ததோடு பகை கொள்ளவும் இல்லை. கணித மேதை இராமானுஜனின் கடவுச்சீட்டு நிழற்படத்தை 1936-இல் அவருடைய துணைவியார் ஜானகி அம்மாளிடமிருந்து பெற்று உலகுக்கு அளித்தவரும் இவரே. 1995-இல் நியூட்டனின் நூலுக்கு விளக்கம் ஒன்றை வெளியிட்டு, அவ்வாண்டு ஆகஸ்டு 21-ஆம் நாள் சிகாகோவில் மறைந்தார். 1999 சூலையில் அமெரிக்கர் விண்ணில் ஏவிய எக்ஸ் கதிர் வானாய்வுக் கலம் சந்திரா என்னும் பெயர் தாங்கியது.

அன்பர்களே! காலச் சுழல் உண்டென்றே கொண்டாலும், நோவிகோவின் கொள்கைப்படி 1930-ஆம் ஆண்டுக் கப்பலில் ஏறி, தாயிடம் திரும்பிப் போ என்று அவ்விளைஞரிடம் எவர் சொன்னாலும் கப்பல் திரும்பப்போவதில்லை. அச்சொல்லும் அப்பயணத்தின் ஒரு பகுதியாகவே முடியும். நாம் விட்டு வந்த ஊரும் விற்ற நிலமும் அவ்வாறே. ஆனால் உழைப்பின்றி நூல் கைக்கு வரும் மாயச் சுழலில் சந்திரசேகர் வாழவில்லை. துயரைச் சுமந்தார், பிழையும் செய்தார், ஒவ்வொரு கணக்கையும் தாமே போட்டார். இன்று அவருடைய நூல்கள் இருக்கின்றன என்றால், அவற்றின் பின்னே உறங்காத இரவுகள் இருக்கின்றன.

அன்று அப்படிச் செய்திருந்தால் என்ற பேச்சு இவ்வாண்டும் நம் பந்தலில் எழத்தான் செய்யும். எழட்டும். அதனைச் சிறிது நேரத்தில் முடித்துக்கொண்டு, அருகில் கணக்குப் புத்தகத்தோடு நிற்கும் பிள்ளையை அழைத்து உட்கார வைப்போம். நாளைய காலம் அப்பிள்ளையின் கையில் இருக்கிறது. வாழ்க சந்திரசேகர் புகழ்! வளர்க நம் இளைஞர் கல்வி!